துரைக்குக் கேட்காத பதினாறு நாள்

தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ரிங்லெட் டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கிய குமுதா நேராக ஹஃபீசாவின் கைப்பேசிக் கடைக்குள் நுழைந்தாள். "அண்ணே, லயத்துல எல்லாரும் என்னைக் காட்டிக் கொடுத்தவள்னு பேசறாங்க," என்றாள்.

அண்ணே என்றது அமிர்தலிங்கத்தை. ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன். ஹஃபீசா கடையின் மூலை நாற்காலி அவருக்குச் சாசனம் எழுதிக் கொடுத்த மாதிரி.

விஷயம் இதுதான். தோட்டத்து லயத்து வீடுகளை இடிக்கப் போகிறார்கள். அதை எதிர்த்து மனுக் கொடுக்க எட்டுப் பேர் குமுதா வீட்டு முன்னறையில் அடிக்கடி கூடினார்கள். பேசியதெல்லாம் மறுநாளே தோட்ட நிர்வாகியான துரைக்குத் தெரிந்தது. போன வாரம், மனு எழுதிய வீரப்பனை வேலையை விட்டு நிறுத்தி வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவன் மனைவி சீதா, குமுதாவின் பக்கத்து நிரையில் இருபது வருடம் கொழுந்தெடுத்தவள். இப்போது முகம் கொடுப்பதில்லை.

"எட்டுல ஒருத்தன்தான்லா, அங்கிள். ஒவ்வொருத்தரா விசாரிப்போம்," என்று ஹஃபீசா பறந்தாள்.

"இரும்மா," என்றார் அமிர்தலிங்கம். "குமுதா, பேசினது துரைக்குப் போகாத நாள்னு ஏதாச்சும் உண்டா?"

"மாமனார் தவறினப்போ. துக்கம் கேக்கிற சாக்குல பதினாறு நாளும் கூடினோம். ஒண்ணும் வெளிய போகல."

"எட்டுப் பேரும் வந்தாங்களா?"

"ஒருத்தர் விடாம."

"தீட்டு வீட்டுல என்னென்ன நிறுத்தி வச்சே?"

"விளக்கேத்தல. முன்னறை சாமி அலமாரித் தட்டைத் துணி போட்டு மூடிட்டேன். அதுல இருந்த பாட்டுப் பெட்டிக்கும் பிளக்கைப் பிடுங்கிட்டேன். தீட்டுல சாமி பாட்டு போடக்கூடாதில்ல?"

"எந்தப் பெட்டி?"

"தோட்டத்துத் தீபாவளி விருந்துக் குலுக்கல்ல விழுந்தது. வாயால கேட்டா முருகன் பாட்டுப் பாடும். நடுவுல கண்ணு மாதிரி ஒண்ணு இருக்கும். ஆபீஸ்ல கணக்கெழுதற கிராணியே வந்து மாட்டிக் குடுத்தாரு."

அமிர்தலிங்கம் தேநீரைக் கீழே வைத்தார். "ஆள் அதே எட்டு. இடமும் பேச்சும் அதே. அந்தப் பதினாறு நாள் வாயைத் திறக்காதது பெட்டி மட்டும்தான். தீட்டு கழிஞ்சு பிளக்கைச் சொருகினே, துரைக்கு மறுபடி காது கேட்டுருச்சு."

மறுநாள் குமுதா பெட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். ஹஃபீசா நோண்டிப் பார்த்தாள். அவளுடைய துள்ளல் எல்லாம் அடங்கிவிட்டது.

"இது தோட்டத்து ஆபீஸ் பேர்ல பதிஞ்சிருக்குக்கா. பார்த்தது, கேட்டது எல்லாம் அங்கதான் போகுது."

"போலீசுக்குப் போலாமா அண்ணே?"

"மாட்டினப்போ கையெழுத்து ஏதும் போட்டியா?"

"பரிசு வாங்கினதுக்குன்னு ஒரு தாள் நீட்டினாரு. இங்கிலீஷ்ல இருந்துச்சு. போட்டேன்."

"போவோம். ஆனா நீ சம்மதிச்சேன்னு அந்தத் தாளைக் காட்டுவாங்க," என்றார் அமிர்தலிங்கம். முப்பது வருடப் போலீஸ் வேலையில், திருடனைக் கண்டுபிடித்தும் இப்படிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றதில்லை அவர்.

சாயங்காலம் மூவரும் லயத்துக்குப் போனார்கள். வீட்டு வாசலில் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த சீதாவிடம் அமிர்தலிங்கம் எல்லாவற்றையும் விளக்கினார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"நீ சொல்லலைன்னு நம்பறேன் குமுதா," என்றாள். "ஆனா சாமான் ஏத்த லோரி வந்துருச்சே."

சீதா மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தாள். குமுதா மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள்.