ஐந்து நொடித் தூக்கம்

புதன்கிழமை, காலை 9.02.

பிஷ்கெக் நகரத்து இதய மருத்துவமனை ஒன்றின் இரண்டாம் மாடி. ஜன்னலுக்கு வெளியே கரிப்புகை தெருவை மூடியிருந்தது. பதிவு மேசைப் பெண் முதல் பெயரைக் கூப்பிட்டாள். யாரும் எழவில்லை. இரண்டாவது பெயருக்கும் அதே கதைதான். மூன்றாவதாக, "உல்கான் மாமிரோவா!" என்றாள்.

பெஞ்சின் கோடியில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்தார்.

"நீங்க இல்லீங்க, பைகே," என்றாள், மரியாதையாக அண்ணன் முறை வைத்து. "இது பொம்பளை பேரு."

"தெரியும்மா. என் பொண்டாட்டி."

"அவங்க எங்க?"

"புதைச்சு நாப்பத்தோரு நாளாச்சு."

அவர் பெயர் தோக்தோசுன். முந்தின நாள்தான் வீட்டில் நாற்பதாம் நாள் விருந்து. உறவெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அலமாரியிலிருந்து செத்தவளின் கைபேசி அடித்திருக்கிறது. 'நாளை காலை உங்கள் முறை. தவறாமல் வரவும்.' அந்தக் கைபேசிக்குத் தினமும் சார்ஜ் போடுவதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"அவ வருவான்னு வரலம்மா," என்றார். "பேரைக் கூப்பிட்டா யாரு எழுந்திருக்காங்கன்னு பார்க்க வந்தேன்."

டாக்டரின் அன்றைய பட்டியலில் ஆறு பெயர்களுக்கு ஆள் வரவில்லை. ஆறு பேரும் முன்பு அந்த டாக்டரிடமே வைத்தியம் பார்த்தவர்கள். ஆறு பேரும் கல்லறையில் இருந்தார்கள்.

11.40.

போலீஸ் கேப்டன் சைகாலுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தப் பட்டியலைப் படித்த பிறகு கதவுக்கு முதுகு காட்டி உட்கார அவளுக்குப் பிடிக்கவில்லை. மருத்துவமனைக்கு வெப்சைட் செய்து கொடுத்த அலுவலகத்துக்குள் நுழைந்ததும் சுவரோர நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

அங்கே மூன்றே பேர். முதலாளி ஓரோஸ்பெக் பேச்சில் கெட்டிக்காரர், கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது சீட்டாட்டம் மட்டும். எர்மெக்குக்கு இருபத்தாறு வயது, வெப்சைட்டைச் சோதித்துப் பார்ப்பதில் கைதேர்ந்தவன். மூன்றாமவள் ஜில்திஸ், முப்பத்தொன்று, இரண்டு மாதமாக அவனிடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்பவள்.

"திங்கள் காலை ஒன்பது மணிக்கு டாக்டரைப் பார்க்கிற வாரத்து முறைகளைத் திறந்து விடுவாங்க," என்றாள் சைகால். "ஊரே அடிச்சுப் பிடிச்சு அமுக்கும். அதுல ஆறு முறையைச் செத்தவங்க எடுத்திருக்காங்க. இந்த ஆபீஸ் மெஷின்லேருந்து. யார் மெஷின்?"

"என்னோடது, எஜே," என்றாள் ஜில்திஸ். அக்காவை அந்த ஊரில் எஜே என்றுதான் கூப்பிடுவார்கள்.

எர்மெக் சிரித்தான். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல. இவங்க பாடத்துக்கு எழுதின புரோகிராம் தினம் காலையில ஒன்பதுக்குத் தானா ஓடும். பயிற்சி வெப்சைட்ல ஓட வேண்டியதை உண்மையான வெப்சைட்ல ஓட விட்டிருக்காங்க. புதுசா கத்துக்கிறவங்க பண்ற தப்புதான். மருத்துவமனையோட பழைய நோயாளிப் பட்டியல் எங்க மூணு பேர் மெஷின்லயும் இருக்கு."

"நான் வெப்சைட் முகவரியை மாத்தவே இல்ல, எஜே. தோர்தோய் சந்தையில செருப்புக் கடையை மூடிட்டு இதுக்கு வந்தேன். இந்தக் கெட்ட பேரு வந்துட்டா இனி எவனும் வேலைக்கு எடுக்க மாட்டான்."

"அழாத. முதல்ல இது என்ன வேலைன்னு எனக்குச் சொல்லு. சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி."

ஜில்திஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வெப்சைட் ஒழுங்கா இருக்கான்னு பார்க்க, ஆள் உட்கார்ந்து ஒவ்வொண்ணா அமுக்கிப் பார்க்கணும். அதுக்குப் பதிலா ஒரு புரோகிராம் எழுதிட்டா, அதுவே பிரௌசரைத் திறக்கும், பேரு போடும், பட்டனை அமுக்கும். கடைசியில நாம எதிர்பார்த்தது வந்துச்சா இல்லையான்னு சொல்லும்."

தன் புரோகிராமைப் பயிற்சி வெப்சைட்டில் ஓட விட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் ஜன்னல் ஒன்று திறந்தது. காலிக் கட்டத்தில் எழுத்துகள் தாமாக வந்து விழுந்தன. விசைப்பலகையை யாரும் தொடவில்லை. தனக்கும் திரைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒருவர் உட்கார்ந்து எழுதுவதுபோல் சைகாலுக்கு இருந்தது. திடீரென்று எல்லாம் நின்றது.

"ஏன் நின்னுச்சு?"

"தூங்குது, எஜே. அடுத்த பக்கம் வர நேரம் ஆகுமில்ல? ஒவ்வொரு அடிக்கும் அஞ்சு நொடி தூங்குன்னு எழுதியிருக்கேன்."

"அந்தக் கொடுமையை ஏன் கேக்குறீங்க!" என்றான் எர்மெக். "பக்கத்துல நின்னா எனக்கே கொட்டாவி வருது. பக்கம் வர்ற வரைக்கும் காத்திருந்து, வந்த நொடியே அமுக்குற வழி இருக்கு. அது ஆறாவது பாடம். இந்த ஆபீஸ்ல அது எனக்கு மட்டும்தான் வரும். ஜில்திஸ் எஜே இன்னும் மூணாவதுலயே குறட்டை விடுறாங்க."

சைகால் தேநீரை ஒரு வாய் குடித்தாள். ஆறியிருந்தது. "திங்கள் காலையில வித்தியாசமா ஏதாவது பார்த்தியா, ஜில்திஸ்?"

"பார்க்கல. கேட்டேன். ஒன்பது அடிச்சதும், என் பாடம் ஜன்னலைத் திறக்குறதுக்கு முன்னாடியே மெஷின் உள்ள விசிறி வேகமா சுத்துச்சு. திரை காலி. உள்ள யாரோ மூச்சு வாங்குற மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல அடங்கிடுச்சு."

"திரையில தெரியாமலே பிரௌசர் ஓடுமா?"

"ஓடும், எஜே. அதுக்குத் தலையில்லாத பிரௌசர்னு பேரு."

சைகாலின் கை மயிர் சிலிர்த்தது. சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

12.35.

மருத்துவமனையிலிருந்து பதிவுத் தாள்கள் வந்தன. எந்த நொடியில் பக்கம் போனது, எந்த நொடியில் பட்டன் அமுக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருந்தது. சைகால் பென்சிலோடு அரை மணி நேரம் அதைப் படித்தாள். பிறகு மூவரையும் உட்கார வைத்தாள்.

"ஒரு ஆளுக்கு முறை பதிய எத்தனை தூக்கம், ஜில்திஸ்?"

"நாலு."

"இருபது நொடி. ஆறு பேருக்கு ரெண்டு நிமிஷம். தாள்ல முப்பத்தெட்டே நொடியில எல்லாம் முடிஞ்சிருக்கு."

"தூக்கத்தை எடுத்துட்டு ஓட்டியிருப்பாங்க," என்றான் எர்மெக்.

"அப்படியா? எடும்மா. ஓட்டு."

ஜில்திஸ் அந்த வரிகளை அழித்தாள். ஜன்னல் திறந்தது, பெயர் விழுந்தது, உடனே சிவப்பு வரி ஒன்று வந்து எல்லாம் செத்துப்போனது. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் சிவப்பு.

"பக்கம் வர்றதுக்கு முன்னாடியே பட்டனைத் தேடுது, எஜே. இல்லைன்னதும் நின்னுடுது."

"சரி. தூங்கினா ரெண்டு நிமிஷம். தூங்கலைன்னா சாவு. இப்ப இதைப் பாருங்க." தாளைத் திருப்பி வைத்தாள். "திங்கள் காலை ஊர் மொத்தமும் ஏறி உட்கார்ந்ததுல பக்கங்கள் கண்டபடி வந்திருக்கு. இந்தப் பக்கம் ஒரு நொடியில வந்துச்சு, ஒரு நொடியில அமுக்கியாச்சு. இந்தப் பக்கம் வர ஏழு நொடி. ஏழு நொடி பொறுமையா காத்திருந்து, வந்ததும் அமுக்கியாச்சு. அஞ்சு நொடி தூக்கமா இருந்தா இங்கேயே செத்திருக்கும். மனுஷக் கைக்கு இந்த வேகம் வராது. மூணாவது பாடத்துக்கும் வராது. இது ஆறாவது பாடம். அது யாருக்கு மட்டும்தான் வரும்னு நீயே சொன்ன, எர்மெக்."

எர்மெக் தாளை இழுத்துப் பார்த்தான். சைகால் மேலே பேசினாள்.

"அவ மெஷினை அமைச்சுக் கொடுத்தது நீ. உன் மேஜையிலிருந்தே உள்ள நுழைய உனக்கு வழி உண்டு. பழி அவ மேல விழணும்னு அவ மெஷினை எடுத்த, அவ பாடம் ஓடுற நேரத்தை எடுத்த. அவ புரோகிராமையும் அப்படியே எடுத்திருந்தா, ஒண்ணு ரெண்டு முறை கிடைச்சிருந்தாலும் நான் அவளைத்தான் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

எர்மெக் நெற்றியைத் தேய்த்தான். அவன் முகத்தில் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம் தெரிந்தது.

"அந்த அசிங்கத்தை என் கையால எப்படி ஓட்டுறது?" என்றான்.

மீதியையும் அவனே சொன்னான். எடுத்த முறைகளை வெளியே விற்பானாம். வாங்குகிறவர் வந்ததும் செத்தவர் பெயரை நீக்கி அவர் பெயரை ஏற்றுவானாம். உயிரோடு இருப்பவர் பெயரைப் போட்டால் வந்து கேள்வி கேட்பார்கள், செத்தவர்கள் கேட்கமாட்டார்கள் என்பது அவன் கணக்கு. இந்த வாரம் நாரின் மலைப்பாதையைப் பனி மூடிவிட்டது, அங்கிருந்து வாங்க வர வேண்டியவர்கள் வரவில்லை, பெயர்கள் அப்படியே நின்றுவிட்டன. செத்தவளின் கைபேசிக்கு ஒருவர் தினமும் சார்ஜ் போடுவார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. சைகால் தனக்கு வந்த கோபத்தில் தேநீர்க் கோப்பையை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள்.

மாலை 4.10.

எர்மெக்கை வண்டியில் ஏற்றி அனுப்பியாயிற்று. ஓரோஸ்பெக் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜில்திஸிடம் வந்தார். "நாளையிலிருந்து அவன் நாற்காலியில நீ உட்காரு. முதல்ல அந்த ஆறு பேரையும் நீக்கிடு."

அவளுக்குத் தெரிந்த மூன்று பாடங்களில் அதுவும் ஒன்று. சோதனை முடிந்ததும், அது உண்டாக்கியதையெல்லாம் துடைத்துவிட்டுப் போக வேண்டும். ஆனால் அவள் விசையைத் தொடாமல் சைகாலைப் பார்த்தாள்.

"எஜே, நீக்கினா அந்தந்த நம்பருக்கு ஒரு செய்தி போகும். அந்தப் பெரியவர் வீட்டுல திரும்பவும் அடிக்கும்."

சைகால் தோக்தோசுனைப் போனில் அழைத்து நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டது ஒன்றுதான்.

"இதுக்கு அப்புறம் அடிக்காதா?"

"அடிக்காது, பைகே. இதுதான் கடைசி."

"அப்ப கொஞ்சம் பொறுங்கம்மா. அவ போனைக் கையில எடுத்துக்கறேன்."

ஐந்து பெயர்களைப் புரோகிராம் நீக்கியது, ஒவ்வொரு அடிக்கும் ஐந்து நொடி தூங்கித் தூங்கி. ஆறாவது பெயருக்கு ஜில்திஸ் அதை நிறுத்தினாள். தானே பெயரைத் தேடினாள், தானே பக்கத்தைத் திறந்தாள். உல்கான் மாமிரோவா என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். பிறகு தன் விரலால் பட்டனை அமுக்கினாள்.

சைகாலின் காதோரம், அந்த முனையில், ஒரு கைபேசி அடிக்கும் சத்தம் கேட்டது. அடித்து ஓய்ந்த பிறகும் பெரியவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. சைகாலும் துண்டிக்கவில்லை.