பாஸ்கோ அம்மாளின் மருந்துப் புட்டி

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. தேநீரோடு வந்த வில்ஃப் பாஸ்கோ, மனைவி ஹெஸ்டர் சாய்வு நாற்காலியிலேயே இறந்துபோயிருப்பதைக் கண்டார். பக்கத்து மேசையில் ஒரு ஹோமியோபதிப் புட்டி. அதனருகே ஜாம் ஒட்டிய தேக்கரண்டி. ரொட்டியும் இல்லை, தட்டும் இல்லை.

வியாழக்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. இரத்தத்தில் இதய மருந்து, உயிரைக் குடிக்கும் அளவுக்கு. ஹெஸ்டரோ ஒரு வருடமாக அந்த மருந்தைத் தொட்டதே இல்லை என்று பிரிஸ்டல் நகரில் அவர்கள் தெரு முழுக்கச் சொன்னது. சீனி மாத்திரை யாரைக் கொல்லும் என்று புட்டியை ஒருவரும் சோதிக்கவில்லை.

சார்ஜென்ட் பெத் கேரோ, புட்டியின் லேபிளில் பெயர் இருந்த டாக்டர் லிண்டோவைத் தேடிப் போனாள்.

"கடைசியா எப்ப கொடுத்தீங்க, டாக்டர்?"

"போன வருஷம். ஹோமியோபதிக்கு இனி அரசாங்கப் பணம் கிடையாதுன்னாங்க, கிளினிக்கை மூடிட்டோம். சீனியை விக்கிறேன்னு ஊரே சிரிச்சுது. சிரிக்கட்டும். ஆனா இதய மாத்திரையும் போட்டாத்தான் இதைத் தருவேன்னு ஹெஸ்டர்கிட்ட கறாரா இருந்தேன். மூடினதும் கோபத்துல ரெண்டையும் விட்டுட்டாங்க."

ஒரு வருடத்துக்கு முன் கொடுத்த புட்டி. விட்டுவிட்ட மருந்து செவ்வாயன்று மேசைக்கு எப்படி வந்தது?

மாலை நாலு மணிக்கு பெத் வில்ஃபின் சமையலறையில் உட்கார்ந்தாள். முப்பது வருடம் மருந்துக்கடை வைத்திருந்த மனிதர்.

"அந்த ஜாம் எதுக்கு, மிஸ்டர் பாஸ்கோ?"

"மாத்திரை கசக்குதுன்னு..." சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"சீனி கசக்குமா?"

அவர் ஜாம் ஜாடியின் மூடியை இறுக்கி மூடினார்.

"அவங்க பேருக்கு வந்த இதய மாத்திரையை நீங்கதான் வாங்கிட்டு வந்தீங்கன்னு மருந்துக்கடையில சொன்னாங்க. அதைப் பழைய புட்டியில போட்டு, டாக்டர் லிண்டோ கொடுத்ததா அவங்ககிட்ட சொன்னீங்க. சரிதானே?"

"கால் வீங்கி, மூச்சு வாங்கி, என் கண்ணு முன்னாடியே கரைஞ்சுட்டிருந்தாம்மா. கெஞ்சினேன், கேக்கல. இந்தப் புட்டியைப் பார்த்ததும் குழந்தை மாதிரி வாங்கிக்கிட்டா. தினம் ஒண்ணுதான்னு சொல்லித்தான் கொடுத்தேன். ஒரு மாசம் நல்லாக்கூட இருந்தா."

"அப்புறம் ஏன் அத்தனை போட்டாங்க?"

வில்ஃப் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

"ராத்திரி நெஞ்சு படபடத்திருக்கும், நிறையப் போட்டா சரியாயிடும்னு நினைச்சிருப்பா. 'உன் மாத்திரையைப் புட்டியோட முழுங்கினாலும் ஒரு ஈகூடச் சாகாதுடி'ன்னு நாப்பது வருஷமா கிண்டல் பண்ணினேன். நான் சொன்னதுல அவ நம்பினது அது ஒண்ணுதான்."

அவரைக் கைது செய்வதாகச் சொல்ல பெத் வாயெடுத்தாள். அதற்குள் அவரே எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று, காலியாகக் கிடந்த நாற்காலியின் பக்கம் திரும்பி, "போயிட்டு வரேன், ஹெஸ்" என்றார். அதன்பிறகுதான் கதவைத் திறந்தார்.