நாற்பத்தொன்றாவது முகம்

மூடிக்கிடந்த நூற்பாலையின் மதில்சுவரில் ஊரின் கதையை வரையும் வேலை எனக்கும் என் தங்கைக்கும் கிடைத்தது. ஆறு, முதல் ரயில், பள்ளிக்கூடம், சந்தை எல்லாம் முடித்துக் கடைசிக் கட்டத்துக்கு வந்தோம். வெளியிலிருந்து பூட்டிய கதவுக்குப் பின்னால், ஆலைத் தீயில் செத்துப்போன நாற்பத்தொரு தொழிலாளிகள். நகராட்சி கொடுத்த புகைப்படங்கள் நாற்பதுதான். மிச்சமிருந்த ஒருவருக்குப் பெயரும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை.

“அந்த இடத்தை அப்படியே விட்டுடுங்கம்மா,” என்றார் நகராட்சி எழுத்தர்.

என் கை சும்மா இருக்குமா? கூட்டத்துக்கு முகம் குறைந்தால் பக்கத்தில் இருப்பவரின் முகத்தை வைத்து நிரப்புவது எங்கள் தொழில் வழக்கம். எத்தனையோ சுவர்களில் செய்திருக்கிறேன். இது செத்தவர்களின் கூட்டம் என்பது அப்போது உறைக்கவில்லை. சாரத்தில் கால்களைத் தொங்கப்போட்டு வர்ணம் கலக்கிக்கொண்டிருந்த தங்கையையே வரைந்தேன். கண்களைக் கடைசியில் வைத்தேன்.

“என்னக்கா, என்னையும் சாகடிச்சுட்டியா?” என்று சிரித்தாள்.

சிரிப்பு இருமலில் முடிந்தது.

“ஏதோ கருகுதுக்கா.”

“உன் மூளைதான். வேலையைப் பாரு.”

நடுப்பகல். எங்கும் புகை இல்லை. ஆனால் அவள் வாய் துடைத்த துணி கறுத்திருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் எக்ஸ்ரேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எந்தத் தீ விபத்துல மாட்டுனாங்க? நுரையீரல் பூரா கரி.”

நான் வரைந்த முகம் நினைவுக்கு வந்தது. விழுந்தடித்துச் சுவருக்கு ஓடினேன். அந்த முகத்தின் மேல் வெள்ளையை அள்ளி அள்ளிப் பூசினேன். கைபேசி அடித்தது.

“அக்கா, இருமல் நின்னுடுச்சு.”

சாரத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

“ஆனா எல்லாம் ஏன்க்கா வெள்ளையா இருக்கு? கண்ணே தெரியல. மூக்குல ஏதோ அப்பின மாதிரி... மூச்சு விட முடியல...”

மூடினால் மூச்சு இல்லை. திறந்தால் புகை.

காயாத வெள்ளையைத் துணியாலும் நகத்தாலும் வழித்தெடுத்தேன். முகம் வெளியே வந்தது.

மூடியிருப்பதாக நான் வரைந்த வாய் இப்போது திறந்திருந்தது.

கைபேசியில் சத்தமே இல்லை.

அவளை அடக்கம் செய்த மறுவாரம் சுவரைத் திறந்துவைத்தார்கள். எழுத்தர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நீங்க நிரப்பினதே நல்லதும்மா. அந்தப் பொண்ணு மட்டும் உயிரோட இருக்குற மாதிரியே இருக்கு.” அவரை அறையலாம் போலிருந்தது. அறைந்து என்ன? அவர் சொன்னதைக் கேட்காதவள் நான்தான்.

தினமும் போய் நிற்கிறேன். அழிக்கத் துணிவில்லை. அந்த இடத்தைத் தொட்டால் மழையிலும் சுடுகிறது.

நேற்று, அவளை ஒட்டி நான் வரைந்திருந்த தொழிலாளி சற்று விலகி நின்றார். நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

இன்று தங்கை என்னைப் பார்த்தபடி அந்தக் காலி இடத்துக்குக் கையை நீட்டியிருக்கிறாள்.