புடிச்சிக்கினு வுடல

காலை 6.50. திருவேற்காட்டில், தன் வீட்டுப் பின்புறம் மோட்டார் அறை வாசலில் சுலோசனா செத்துக் கிடந்தார். ஆவடித் தொழிற்சாலை கேன்டீனில் முப்பது வருடம் சமைத்து ஓய்வு பெற்றவர். தனியாக இருந்தார்.

7.40. இன்ஸ்பெக்டர் கனிமொழி வந்தபோது தம்பி கிருபாகரன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"அக்காவுக்கு அடிக்கடி நெஞ்சைப் புடிக்கும் மேடம். இன்னிக்கு ஒரேயடியா புடிச்சிருச்சு."

ஹால் மேஜையில் ஒரு சம்மன் கிடந்தது. கார் விபத்து வழக்கு. நாளை பூந்தமல்லி கோர்ட்டில் சுலோசனா சாட்சி சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டு அப்துல் ரசாக் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். கனிமொழி அவரிடம் திரும்பினார்.

"நீங்க என்ன கேட்டீங்க, பாய்?"

"'ஐயோ, புடிச்சிக்கினு வுடமாட்டேங்குதே'ன்னு கத்துச்சு மேடம். ஒரே தபா. ஓடியாந்தா கேட்டு பூட்டிக்கீது. கூப்டேன், பதிலே இல்ல. தம்பியாண்ட சாவி இருக்கும்னு போன் போட்டேன்."

"போன்ல என்ன சொன்னீங்க?"

"அக்கா கத்துச்சு, இப்ப சத்தமே இல்லன்னேன். அடுத்த தெருதானே, ரெண்டே நிமிசத்துல வந்துட்டாரு. ஊட்டுக்குள்ள போனாரு. ஹால்ல ஓடிக்கினு இருந்த ஃபேன் நின்னுச்சு. அப்பால பின்னாடி ஓடி, அக்காவ மடியில போட்டுக்கினு அழுதாரு."

"அப்போ உங்க வீட்ல கரண்ட் போச்சா?"

"இல்லீங்களே."

கனிமொழி உடலருகே குனிந்தார். வலது உள்ளங்கையில் குறுக்காக ஒரு கருகிய தீக்காயம். மோட்டார் அறையின் இரும்புக் கதவைத் திறந்து பின்பக்கம் பார்த்தார். கைப்பிடியின் திருகாணியில் தோல் சீவிய வயர் சுற்றியிருந்தது.

"கிருபாகரன், புடிக்குதுன்னா நெஞ்சு மட்டும்தானா? கரண்ட்டும் புடிக்கும். புடிச்சா விடாது."

அவன் இன்னும் சத்தமாக அழுதான்.

"நெஞ்சு வலின்னு நெனச்சவன் நேரா அக்காகிட்ட ஓடுவான். நீ மெயினை அணைக்க ஓடினே. போன்ல கரண்ட்டுன்னு யாருமே சொல்லலியே! அவங்கள தொட்டா நீயும் செத்துருவேன்னு உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அழுகை சட்டென்று நின்றது.

"குடிச்சிட்டு வண்டி ஓட்டினேன். பக்கத்து சீட்ல அக்கா. மறைச்சிடுன்னு கால்ல விழுந்தேன் மேடம். 'ரெண்டு உசுரு போயிருக்கு, மாட்டேன்'னு சொல்லிருச்சு."

ஜீப் அவனை ஏற்றிக்கொண்டு போனது. அப்துல் ரசாக் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தாளு வந்ததும் அல்லாவுக்கு நன்றி சொன்னேன், மேடம்" என்றார். "தம்பி வந்துட்டாரு, இனிமே அக்கா பொழச்சிக்கும்னு."