ஆறாவது புஷ்

கியர்பாக்ஸ் வரைபடத்தில் ஐந்து புஷ்கள்தான் இருந்தன. இந்துமதியின் விரல் ஆறாவதைத் தொட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பக்கத்து நிட்டிங் கம்பெனியில் மிஷின்கள் நின்றிருந்ததால், காங்கேயம் ரோட்டு ஒர்க்‌ஷாப்புக்குள் தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு டக்கென்று விடும் சத்தமும், மேஜை விளிம்பிலிருந்து ஆயில் சொட்டும் சத்தமும் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. ஏதோ ஒரு காரிலிருந்து இறக்கிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கூடு மேஜைமேல் வாய் பிளந்து நின்றது. உள்ளேயிருந்த தண்டுகளும் தட்டுகளும் ஊசி பேரிங்குகளும் கழன்ற வரிசை மாறாமல் ஆயில் துடைக்கும் பனியன் வேஸ்ட் துணிமேல் கிடந்தன. தண்டு சுழலும் இடத்தில் பதித்திருக்கும் மெல்லிய உலோக வளையம்தான் புஷ். கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் அது எங்கே இருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று, கூட்டின் விளிம்பு கிழிக்காமலிருக்க இழுபடும் ரிப் துணியை விரல்கள் மட்டும் வெளியே தெரியக் கையில் உறைபோல மாட்டிக்கொண்டு, இந்துமதி விரல்நுனியால் தடவிச் சொல்வாள். அவள் சொல்லச் சொல்ல, புருஷன் சண்முகவேல் சாக்பீஸால் சுவரில் குறிப்பான்.

பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவளைப் பெண் பார்க்க வந்தபோது, அவன் முகத்தைவிட அவள் கைகளைத்தான் அதிகம் பார்த்தான். வெட்கம்போல என்று நினைத்துக்கொண்டாள். முதல் பெண்டாட்டி அனுசுயா ஆயில் வாசம் பிடிக்காமல் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்லியிருந்தான். இவளுக்கு அந்த வாசம் பிடித்துப்போயிற்று. "எங்கூட்டு அம்மணி கை இருக்கறப்ப ஸ்கேனர் எதுக்குங்க?" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவன் பீற்றும்போது, கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சிரிப்பாள்.

"ஏனுங்க, அஞ்சுக்குக் கீழ இன்னொண்ணு இருக்குதுங்க."

"இருக்கும். நல்லாத் தடவு."

வழவழப்பாக இல்லை. மெத்தென்றிருந்தது. மூன்று நாளாய்க் கழற்றிக் கிடக்கும் கூட்டுக்குள் அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக. ஆயிலின் கருகலுக்கு அடியிலிருந்து தலைக்குத் தேய்த்த தேங்காயெண்ணெய் வாசம் லேசாக எழுந்தது. விரலை ஓட்டினாள். வளையம் இல்லை. ஒரு மேடு. அதன் நுனியில் நகம்.

கையை இழுத்தாள். வரவில்லை.

"ஏனுங்க! உள்ள... விரலுங்க!"

சுவரைப் பார்த்தாள். ஐந்துக்குக் கீழே ஆறு என்று எழுதியிருந்தது. பழைய எழுத்து. தூசி படிந்திருந்தது.

சண்முகவேல் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு வந்தான். அவள் முழங்கையைப் பிடித்தான். இழுக்கப் போகிறான் என்று நினைத்தாள்.

அழுத்தினான்.

"பதறாத, கண்ணு."

அது அவளுக்குச் சொன்னதில்லை. கூட்டின் வாய்க்குள் குனிந்து பேசிக்கொண்டிருந்தான். அவளிடம் ஒருநாளும் பேசாத குழைவு.

"உன்னுது மாதிரியே சின்னக் கை, அனுசுயா. எத்தன ஊருல தேடுனேன் தெரியுமா? உனக்குப் பொருந்துமான்னு பாத்துச் சொல்லு."

முழங்கை ஆழமே உள்ள கூட்டுக்குள் அவள் கை தோள்வரை போயிற்று.

இருட்டில் அந்தக் கை அவள் கையைப் பற்றியது. சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல். அவசரமில்லாமல், மூட்டு மூட்டாக, எங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தடவிப் பார்க்கத் தொடங்கியது.