கரிச்சான் ஊதிய சங்கு

மதியச் சாப்பாட்டுக்கு வெட்டுக்கிளி அள்ளிக்கொண்டிருந்தபோது ஆபத்துச் சங்கு ஊதியது. பண்ணையில் இருந்தவர்கள் கூண்டுகளைத் திறந்தபடியே போட்டுவிட்டு அடைப்பறைக்கு ஓடினார்கள். கதவை இறுக்கிச் சாத்திக்கொண்டு தோளோடு தோள் நெருக்கி உட்கார்ந்தார்கள். கைக்குழந்தைகள்கூட அழவில்லை. செவ்வாய்க் கிரகத்தில் பிறக்கும் குழந்தை நடை பழகுமுன் அடைப்பறைக்குத் தவழப் பழகிவிடும்.

அந்தக் கண்ணாடிக் குடியிருப்புக்கு நெய்தல் குமிழ் என்று பெயர் வைத்திருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்ந்தார்கள். கண்ணாடிக் கூரைக்கு உள்ளே காற்று, வெளியே ஒன்றுமில்லை. கூரையில் ஊசி நுழையும் ஓட்டை விழுந்தாலும் சங்கு ஊதும். ஊதினால் ஓட வேண்டும். அவர்களுடைய சட்டப் புத்தகத்தில் முதல் வரி அதுதான்.

ஆனால் கொஞ்ச நாளாக ஓட்டை இல்லாமலே சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

காற்றுக் காவல் பொறுப்பு ஜெசிந்தாவிடம் இருந்தது. காற்றின் அளவைக் காட்டும் அழுத்தமானியின் முள் நகரவில்லை. சங்கின் கம்பிகளைப் பிரித்துப் பார்த்தாள், பழுதில்லை. மக்கள் திட்டியதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். சங்கு கேட்டும் அவர்கள் மெதுவாக எழுந்திருக்கத் தொடங்கியதுதான் அவளை உறங்கவிடவில்லை. பண்ணையில் வேலை பார்க்கும் வியாகுலமேரி ஒருநாள் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

“யக்கா, நிசமாவே காத்து போச்சுன்னா என்ன செய்வீய?”

“ஏட்டி, தெனமும் செத்து செத்து வெளையாட முடியுமா? டீ ஆறிப்போவுதுல்லா?”

மறுநாள் சங்கு ஊதியபோது ஜெசிந்தா ஓடவில்லை. உயிர்க்காற்று முகமூடியை மாட்டிக்கொண்டு கூண்டுகளுக்கு நடுவே குந்தியிருந்தாள். கூட்டம் போய் அடங்கியது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. அது சுவரில் இருந்த சங்கிலிருந்து வரவில்லை. தலைக்கு மேலே தண்ணீர்க் குழாயிலிருந்து வந்தது.

அங்கே ஒரு கரிச்சான் உட்கார்ந்திருந்தது. எண்ணெய் தடவியதுபோல் மின்னும் கறுப்பு. நெற்றியில் சிலும்பி நின்ற கொண்டை. வாலிலிருந்து நீண்ட இரண்டு கம்பிகள். கம்பி நுனியில் துடுப்புகள். தொண்டை புடைக்கப் புடைக்க அது சங்கு ஊதியது. முடிக்கும்போது இயந்திரம் அணைகிற ‘டக்’ ஓசையைக்கூட விடவில்லை. பிறகு சாவகாசமாக இறங்கி, திறந்துகிடந்த கூண்டிலிருந்து கொழுத்த வெட்டுக்கிளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பறந்தது. வால் துடுப்புகள் இரண்டும் அதைத் துரத்தும் வண்டுகள்போல் பின்னாலேயே போயின.

முகமூடிக்குள் ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு பயந்துபோனாள்.

கூண்டிலிருந்து தப்பிய வெட்டுக்கிளிகள் குமிழுக்குள் இருந்த தோப்பைத் தின்னத் தொடங்கியதால், பூமியிலிருந்து உறையவைத்த முட்டைகளை வரவழைத்துக் குஞ்சு பொரிக்கவைத்து விட்ட பறவைகளில் இதுவும் ஒன்று. அவள் நாள்கணக்காகத் தோப்பில் படுத்து அதைக் கவனித்தாள். அது தனியாக இரை தேடுவதில்லை. சருகைக் கிளறும் தவிட்டுக்குருவிக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டே போகும். அவை கிளறக் கிளற எழும்பும் பூச்சியை இது அந்தரத்தில் பிடித்துத் தின்னும். பதிலுக்குக் காவல் காக்கும். களையெடுக்கும் பறக்கும்பொறி நெருங்கினால் முதல் குரல் இதனுடையது. குருவிகள் புதருக்குள் பாய்ந்து தப்பிக்கும். எப்போதாவது ஒரு குருவி பெரிய புழுவாகப் பிடித்துவிட்டால், பொறி எதுவும் வராதபோதும் அதே குரல், அதுவும் தவிட்டுக்குருவியின் பாஷையிலேயே. குருவி புழுவைப் போட்டுவிட்டு ஓடும். புழு கரிச்சானுக்கு.

பெரும்பாலும் உண்மை சொன்னதால்தான் அதன் பொய் செல்லுபடியானது. வெட்டுக்கிளி தின்னும் மனிதர்களையும் அது பெரிய தவிட்டுக்குருவிகள் என்றே கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

ஜெசிந்தா சங்கின் ஓசையை மாற்றினாள். கரிச்சான் சில நாளில் புது ஓசையைக் கற்றுக்கொண்டது. மறுபடி மாற்றினாள். அதையும் கற்றுக்கொண்டது.

ஒருநாள் கூண்டுகளெல்லாம் மூடியிருந்தபோது தோப்பின் ஓரத்தில் அது விடாமல் ஊதியது. திருடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. அழுத்தமானியும் அசையவில்லை. ஆனாலும் அவள் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு கண்ணாடிச் சுவரை ஒட்டி நடந்தாள். நேராக எழுந்த புகை ஓரிடத்தில் வளைந்து சுவருக்குள் போயிற்று. முடியிழைபோல் ஒரு கீறல். மனிதக் காதுக்கு எட்டாத அதன் சீழ்க்கை பறவைக்குக் கேட்டிருக்கிறது.

கீறலை அடைத்தார்கள். கரிச்சானின் கதை வெளியே வந்ததும் ஆட்சிக்குழு கூடியது. பறவையைக் கொன்றுவிட வேண்டும் என்றார்கள் பலர். ஜெசிந்தா எழுந்து கையைக் கூப்பினாள்.

“அதக் கொன்னுட்டு நாளைக்கு ஒரு கீறல் விழுந்தா யாரு சொல்லுவா? என் மானிக்கே தெரியல. சங்கு கூடவே ஒரு செவப்பு வெளக்கு வச்சிருவோம். பறவைக்கு வெளக்கு ஏத்தத் தெரியாது. வெளக்கு எரிஞ்சா எல்லாரும் ஓடுங்க. வெறுஞ் சத்தம்னா நான் பத்தியக் கொளுத்திட்டுப் போயிப் பாக்குதேன்.”

குழுவின் தலைவர் கனிராஜ் மட்டும் அன்று பறவையைப் பற்றி ஆர்வமாகக் கேட்டார். பொறுமையான மனிதர். எதிராளி பேசி முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டே இருப்பார்.

“ஏம்மா, அது அடிக்கடி பொய் சொன்னா?”

“நம்ப மாட்டாவ ஐயா. அதனால அளவாத்தான் சொல்லும்.”

“ஆபத்தா இல்லையான்னு யாரும் நின்னு பாக்க மாட்டாங்களோ?”

“நின்னு பாத்து தப்பாப் போனா உயிருல்லா போவும்? ஒரு புழு போனாப் போவுது.”

“கெட்டிக்காரப் பறவை” என்றார் கனிராஜ். கரிச்சான் பிழைத்தது.

சிவப்பு விளக்கு வந்தபின் வெறும் சத்தத்துக்கு யாரும் ஓடவில்லை. கூண்டுகளின் பக்கம் ஊதிப் பயனில்லை என்று கண்டுகொண்ட கரிச்சான் தோப்புக்கே திரும்பிவிட்டது. குமிழில் அமைதி நிலவியது. சங்கு ஊதாமல் ஓர் அறுவடை முழுதும் கழிந்தது.

அமைதி வந்தால் மனிதர்களுக்கு மறந்துபோனவை நினைவுக்கு வரும். ஆட்சிக்குழுவின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்பதை யாரோ நினைவூட்டினார்கள். தோப்பு மைதானத்தில் பொதுக்கூட்டம் கூட்டினார்கள். கனிராஜ் மேடையில் இருந்தார். வியாகுலமேரிதான் முதலில் எழுந்தாள்.

“தேர்தல் என்னைக்கு வைக்கப்போறிய? தேதியச் சொல்லிட்டு எறங்குங்க.”

கூட்டம் கைதட்டியது. கனிராஜ் தலையாட்டினார். அவர் வாய் திறக்குமுன் சங்கு அலறியது. மைதானத்தின் நான்கு மூலையிலும் சிவப்பு விளக்கு எரிந்தது.

எல்லோரும் ஓடினார்கள். ஜெசிந்தாவும் ஓடினாள், விளக்கு எரிகிறதே! அடைப்பறையில் மூச்சு முட்டியது. கதவு மூடும் கடைசி நொடியில் ஒரு கறுப்புப் பந்து உள்ளே வந்து விழுந்து, வியாகுலமேரியின் தோளில் ஒட்டிக்கொண்டது. கரிச்சான். சத்தமே இல்லை. நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா இடுப்பிலிருந்த அழுத்தமானியை எடுத்துப் பார்த்தாள். முள் அசையவில்லை. கீறல் மானிக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் கீறல்களைக் கேட்கத் தெரிந்தது இந்தப் பறவைக்குத்தான். அது சங்குக்கு முன்னால் ஒரு குரலும் கொடுக்கவில்லை. சத்தம் கேட்டபிறகுதான் ஓடிவந்திருக்கிறது. அவள் முகங்களை ஒவ்வொன்றாகத் தேடினாள். ஆட்சிக்குழுவில் ஒருவர்கூட அடைப்பறையில் இல்லை.

சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் கனிராஜின் குரல் நிதானமாக வந்தது. “அன்பான மக்களே, குமிழ் பெரும் ஆபத்தில் இருக்கிறது. நிலைமை சீராகும்வரை தேர்தல் ஒத்திவைக்கப்படுகிறது. உங்கள் உயிரே எங்களுக்கு முக்கியம்.”

“பொய்யி!” என்று கத்தினாள் ஜெசிந்தா. “காத்து எங்கயும் போகல. இந்தா, மானியப் பாருங்க. வாங்க, வெளிய போவோம்.” கதவுச் சக்கரத்தில் கை வைத்தாள். நாலைந்து பேர் அவளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள்.

வியாகுலமேரி தோளிலிருந்த பறவையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். அதன் நடுக்கம் அவளுக்கும் தொற்றியிருந்தது.

“சும்மா கெட ஏட்டி. கரிச்சானே பயந்துபோயி ஓடி வந்திருக்கு. அதுக்குத் தெரியாத பொய்யா?”