அந்தப் பக்கம் பிடிங்க

"கொஞ்சம் வழிய விடுங்க."

"வழியா? இப்போதைக்கு இந்தப் பெட்டிதாங்க வழி."

மூன்றாவது மாடித் திருப்பத்தில் அது நின்றது. அவள் மார்பு உயரம். பழைய போர்வை ஒன்றைச் சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். லிஃப்ட் பழுது. மழை கம்பி ஜன்னல் வழியே சாரலாக வந்து படிகளை நனைத்துக்கொண்டிருந்தது. முதல் பெட்டியை மேலே ஏற்றிக் கொடுத்த வண்டிக்காரர், "அடுத்த லோடு காத்துக்கிட்டிருக்கும்மா" என்று இரண்டாவதைப் பாதி வழியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

கீழேயிருந்து வந்தவன் நெற்றியில் ஒட்டிய ஈர முடியை ஒதுக்கிக்கொண்டு பெட்டியை மேலும் கீழும் பார்த்தான்.

"ஃபிரிட்ஜா?"

"ஸ்பீக்கர்."

அவன் சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தும் முடியாத சிரிப்பு. அந்தச் சிரிப்பு முதலில் வந்தது கண்ணில்தான் என்பதை அவள் கவனித்தாள்... கவனித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் பட்டாள்.

"என்ன சிரிப்பு?"

"இல்ல... இந்தக் காலத்துல ஸ்பீக்கர் இவ்வளவுதாங்க இருக்கும்." சட்டைப் பையிலிருந்து உள்ளங்கையளவு சாம்பல் நிற டப்பா ஒன்றை எடுத்துக் காட்டினான்.

"ஓ... நான் சோப்பு டப்பான்னு நெனச்சேன்."

அவன் முகம் சுருங்கியது. அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

"சும்மா நிக்கறதுக்கு அந்தப் பக்கம் பிடிங்க. நீங்களும் மேல போகணும், நானும் போகணும்."

பிடித்தான். அவன் கீழிருந்து தள்ள, அவள் மேலிருந்து இழுக்க, ஒவ்வொரு படிக்கும் ஒரு வாக்குவாதம் நடந்தது.

"இதுக்குள்ள அப்படி என்னங்க இருக்கு?"

"பன்னெண்டு அங்குலத்துல காகிதக் கூம்பு. மிச்சமெல்லாம் பலகையும் காத்தும். பழைய காலத்து அளவு, ஆனா நானே அறுத்து நானே ஒட்டினது."

"காத்தத் தூக்கறதுக்கா நாம இவ்வளவு கஷ்டப்படறோம்? இந்த டப்பாவுல சிப் இருக்கு. ரூம்ல சுவரு எங்க இருக்கு, சோஃபா எங்க இருக்குன்னு அதுவே அளந்து சத்தத்தத் திருத்திக்கும். பேஸ், அதாங்க அந்த அடிச் சத்தம், அது வேணும்னா கணக்குப் போட்டுக் கொண்டுவரும்."

"கணக்குப் போட்டு வரும். காத்தத் தள்ளிக்கிட்டு வராது."

நான்காவது மாடி வந்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. "எந்த வீடு?" என்று கேட்டான்.

"இடது பக்கம். பச்சைக் கதவு."

அவன் பெட்டியை விட்டுவிட்டு அவளையே பார்த்தான். கதவு திறந்தது.

"வந்துட்டியாம்மா," என்றார் உள்ளேயிருந்து வந்த அம்மா. பிறகு மகனைப் பார்த்தார். "அட, நீயும் சேர்ந்து தூக்கிட்டு வர்றியா? நல்லதாப் போச்சு. உனக்கு எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

சின்ன ஸ்பீக்கர் தயாரிக்கும் கம்பெனியில் அவன் இன்ஜினியர். அவன் கையாலேயே உருவான முதல் ஜோடி டப்பாக்கள் அந்த வீட்டு அலமாரியில்தான் இருந்தன... மேலே ஒரு கைத்துணி போர்த்தியபடி. அதைப் பார்த்ததும் அவளுக்கே ஐயோ பாவம் என்றிருந்தது.

அம்மா ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் அறிவிப்பாளர். அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ பேர் ஓடியிருக்கிறார்கள், நின்றிருக்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு பாட்டு கேட்பதுதான் அவருக்குப் பொழுது. மரக்கடைச் சுவரில் அவள் கைப்பட எழுதி ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டிருந்தார். 'கேட்டுப் பாருங்கள். பிடிக்காவிட்டால் நானே வந்து எடுத்துப் போகிறேன்.' இவ்வளவுதான் நோட்டீஸ்.

மரக்கடையில் அவளுக்குப் பெயர் பெட்டிக்காரி. சமையலறை அலமாரி செய்யும் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவள். முதலில் செய்த மூன்று பெட்டிகளும் சொதப்பல். ஒன்றில் இப்போது அவள் செருப்பு வைக்கிறாள். இந்த ஜோடிதான் நாலு பேருக்கு முன்னால் வைக்கத் துணிந்த முதல் ஜோடி. அக்காவிடம் வாக்கும் கொடுத்திருந்தாள். 'ஒருத்தர்... ஒரே ஒருத்தர் கேட்டுட்டு இது இங்கயே இருக்கட்டும்னு சொல்லட்டும்க்கா. இல்லன்னா ஷெட்டைப் பூட்டிட்டு மாமாவோட பர்னிச்சர் ஃபேக்டரிக்கே வந்துடறேன். திங்கட்கிழமையே வந்துடறேன்.'

"பார்த்தா மனசு மாறிடும்," என்றான் இன்ஜினியர். "மறைச்சு வெச்சுக் கேட்கணும்."

"தாராளமா. ஆனா ரெண்டும் ஒரே சத்தத்துல இருக்கணும். சத்தம் தூக்கலா இருந்தா அதுதான் நல்லா இருக்கிற மாதிரி தோணும்."

அவன் புருவம் உயர்ந்தது. தொழில் தெரிந்தவள்தான்... அம்மா உட்காரும் இடத்தில் சத்தம் அளக்கும் கருவியை வைத்து அளந்து, இரண்டையும் சரிசமமாக்கினான். அதில் ஒரு தில்லுமுல்லும் செய்யவில்லை. அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். ஹாலின் குறுக்கே கொடி கட்டிப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டார்கள். ஒரு பெண் தனியாகப் பாடும் பாட்டு. பின்னணியில் ஒரு மேளம் மட்டும்.

முதலில் டப்பா பாடியது. சுத்தமாக, பிசிறில்லாமல். பிறகு பெட்டிகள் பாடின.

இரண்டு வரி போவதற்குள் அம்மாவின் முகம் மாறியது. அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். மேளம் எங்கே? ஷெட்டில் கேட்டபோது பெட்டிக்கு ஒரு மேளமாக அதிர்ந்ததே...

"முதல்ல வந்தது பரவாயில்ல," என்றார் அம்மா. "ரெண்டாவது... பாடற பொண்ணு எங்க நிக்கறான்னே தெரியலம்மா. வெறும் குரல் மட்டும் அலையுது."

மகன் ஜெயித்துவிட்டான். ஆனால் அவன் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வந்தவன் போல வாயைத் திறந்தான், மூடினான், குனிந்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். ஜெயிச்சவன் எதுக்கு முகத்தத் தொங்கப் போடறான் என்று ஒரு நொடி தோன்றியது அவளுக்கு. தன் கண் நிறைவதற்குள் அங்கிருந்து கிளம்பும் அவசரத்தில் அதை விட்டுவிட்டாள்.

"சரிம்மா. எடுத்துட்டுப் போயிடறேன்."

அன்று கிடைத்த சின்ன வண்டியில் ஒரு பெட்டிதான் ஏறியது. இன்னொன்று பச்சைக் கதவுக்குள்ளேயே தங்கியது.

மூன்று நாள் அந்தப் பெட்டியின் பக்கமே அவள் போகவில்லை. நான்காம் நாள், திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள் இருக்கையில், ஷெட்டைக் காலி செய்யத் தொடங்கினாள். கூம்பைக் கழற்றுவதற்கு முன் பழக்க தோஷத்தில் ஒரு டார்ச் செல்லை எடுத்துப் பெட்டியின் பின்பக்க முனைகளில் தொட்டுப் பார்த்தாள். ஒயர் சரியாக இருந்தால் கூம்பு வெளியே வர வேண்டும்.

உள்ளே போனது.

மறுபடி தொட்டாள். மறுபடி உள்ளே போனது.

அப்போதுதான் நினைவு வந்தது. அன்றைக்குக் கிளம்பும் முன் இந்தப் பெட்டியின் தளர்ந்த ஒயரை மாற்றியபோது சிவப்பு தீர்ந்துபோய், இரண்டு முனைக்கும் கறுப்பையே போட்டிருந்தாள். வாசலில் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. எது எதுவென்று செல் வைத்துப் பார்க்காமல் மூடிவிட்டாள். ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்திருக்கிறது. ஒருத்தர் ஏற்ற, இன்னொருத்தர் இறக்கினால் எந்தப் படியில் எந்தச் சாமான் நகரும்? மேளம் எப்படிக் கேட்கும்?

தப்பு அவளுடையதுதான். வேறு யாரையும் சொல்ல முடியாது. இப்போது போய்ச் சொன்னால் அந்த டப்பா இன்ஜினியர் என்ன நினைப்பான்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், என்றுதான் நினைப்பான். நினைக்கட்டும். தோற்பதாக இருந்தால் என் பெட்டி சரியாகப் பாடித் தோற்கட்டும்... ஒயரை மாற்றி, இரண்டு முறை செல் வைத்துப் பார்த்து, வண்டியைக் கூப்பிட்டாள்.

லிஃப்ட் இன்னும் பழுது. மழையும் அப்படியே. வண்டிக்காரர் வாசலோடு நின்றுகொண்டார். அவள் தனியாகவே ஏற்றினாள். ஒரு மூலையைத் தூக்கிப் படியில் வைப்பாள், அடுத்த மூலையைத் திருப்புவாள், மூச்சு வாங்குவாள். ஒரு மாடி... இரண்டு மாடி... கை சிவந்து எரிந்தது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் மேலேயிருந்து யாரோ வேகமாக இறங்கி வந்து, சட்டென்று நின்றார்கள்.

அவன்தான்.

"பெட்டியில ஒயர மாத்திக் கொடுத்துட்டேன்," என்றாள் அவள், வணக்கம்கூடச் சொல்லாமல். "ஒண்ணு தள்ள, ஒண்ணு இழுத்திருக்கு. என் தப்பு. சாக்கு சொல்ல வரல. இன்னொரு தடவ கேட்கச் சொல்லுங்க. அப்பவும் உங்க டப்பாதான் நல்லா இருக்குன்னா நான் வாயத் திறக்காம போயிடறேன்."

அவன் ஈரம் என்றும் பாராமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஒயர் மாறியிருக்குன்னு. அன்னைக்கே தெரியும். முதல் வரியிலயே தெரிஞ்சுடுச்சு. ஆபீஸ்ல தினமும் இதைத்தான் சோதிக்கறேன். எனக்குத் தெரியாம இருக்குமா?"

அவளுக்கு ஒரு கணம் மழைச் சத்தம் கூடக் கேட்கவில்லை. "அப்புறம் ஏங்க சொல்லல?"

"அம்மா அந்த டப்பா மேல துணியப் போட்டு மூடி வெச்சிருந்தாங்க. நீங்களே பார்த்தீங்க. ரெண்டு வருஷம் உயிரக் கொடுத்துச் செஞ்சதுங்க அது... ஒரே ஒரு தடவ, அம்மா வாயால நல்லா இருக்குன்னு கேட்கணும்னு தோணிடுச்சு." அவன் தரையைப் பார்த்தே பேசினான். "சொன்னாங்க. அதுலேர்ந்து அந்த டப்பாவப் பார்க்கவே பிடிக்கல."

"இப்ப எங்க கிளம்பினீங்க?"

"உங்க ஷெட்டுக்கு." கையில் மடித்து வைத்திருந்த நோட்டீஸைக் காட்டினான். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. "நாலு நாளா கிளம்பறேன். கேட் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்துடறேன். இன்னைக்கும் திரும்பியிருப்பேனோ என்னவோ."

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்கு நிச்சயம் வந்திருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை.

"திங்கட்கிழமை நான் ஷெட்டப் பூட்டறேன்," என்றாள். "இந்த ஜோடி நிக்கலன்னா மாமா ஃபேக்டரிக்குப் போறேன்னு அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். நீங்க ஒரு நிமிஷம் பேசாம இருந்ததுக்கு என் தொழிலே போயிருக்கும்."

அவன் சட்டென்று எழுந்தான். "இது எனக்குத் தெரியாதுங்க... சத்தியமா... மன்னிப்புக் கேட்க..."

அவள் அவனைப் பார்த்தாள். மழைத்துளி நின்ற இமைகள். அன்றைக்குச் சிரித்த அதே கண்கள் இன்று சிரிக்கத் தெரியாத மாதிரி இருந்தன. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம். அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். இப்ப... அந்தப் பக்கம் பிடிங்க."

அவன் சொன்னான். எதையும் மழுப்பாமல், ஹாலின் நடுவில் நின்று சொன்னான். அம்மா கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல நானும் தப்பான பிளாட்ஃபாரம் சொல்லியிருக்கேன்டா. சொன்ன அடுத்த மூச்சுல திருத்தியிருக்கேன். ஜனங்க ஓட ஆரம்பிச்ச பிறகு திருத்தி என்ன பிரயோஜனம்? உனக்கு நாலு நாளா?"

அவன் குனிந்து, அளக்கும் கருவியை எடுத்தான்.

இந்த முறை திரை கட்டவில்லை. சத்தத்தை மட்டும் அவன் அன்றுபோலவே அளந்து வைத்தான். முதலில் டப்பா, பிறகு பெட்டிகள். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மேளம் விழுந்தபோது ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. அந்தப் பெண் பாடத் தொடங்கினாள்.

அம்மாவின் கை மெல்ல உயர்ந்தது. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, ஒன்றுமேயில்லாத இடத்தை விரல் காட்டியது.

"இங்க நிக்கறா. பாடறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறா. மைக் முன்னாடி நானும் அப்படித்தான் இழுப்பேன்."

பாட்டு முடிந்ததும் அம்மா கண்ணைத் திறந்தார்.

"இது இங்கயே இருக்கட்டும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இத்தனை நாள் அடக்கி வைத்த அழுகை இப்போது பார்த்துத்தானா வர வேண்டும்...

"டேய், அந்த டப்பாவக் கொண்டு போய்ச் சமையலறையில வை," என்றார் அம்மா. "அங்க அதுதான் வசதி. பாத்திரச் சத்தத்துலயும் பேச்சு தெளிவாக் கேட்கும். இடத்த அடைக்காது. நீ அத நடு ஹாலுக்குக் கொடுத்தே, அதான் தகராறு."

அவன் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தான். மேலே இருந்த துணியை மடித்துத் தனியே வைத்தான்.

வாசல் வரை அவனும் இறங்கி வந்தான். போர்வையையும் கயிற்றையும் அவன்தான் தூக்கி வந்தான். கேட்டருகே கூரைக்கடியில் இருவரும் நின்றார்கள்.

"எனக்கு இன்னும் கோபம் போகல," என்றாள்.

"போக வேணாம். இருக்கட்டும்." அவன் ஒரு நொடி கேட்டைப் பார்த்தான். "நாலு நாளா நான் இங்கேர்ந்துதான் திரும்பினேன். இன்னைக்குத் திரும்பக் கூடாது. அதனால சொல்லிடறேன்... உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. மூணாவது மாடித் திருப்பத்துல, சோப்பு டப்பான்னு சொன்னீங்களே, அப்பவே. பதில் உடனே சொல்லணும்னு இல்ல. ஆனா தெரிஞ்சதத் தெரியாத மாதிரி வெச்சுக்கிட்டு இன்னொரு தடவ என்னால நிக்க முடியாது."

அவள் போனை எடுத்தாள். அவன் எதிரிலேயே அக்காவைக் கூப்பிட்டாள். "அக்கா, திங்கட்கிழமை நான் வரல. மாமாகிட்ட சொல்லிடு. கேட்டுட்டாங்க... இங்கயே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க." போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். அவன் நகராமல் நின்றான்.

"எனக்கு இன்னைக்குத்தாங்க," என்றாள் மழையைப் பார்த்தபடி. "எனக்குத் தெரியும்னு படியில உட்கார்ந்து ஒத்துக்கிட்டீங்களே, அப்ப. கோபமும் அப்பத்தான் வந்துச்சு... அதுவும் அப்பத்தான் வந்துச்சு. ரெண்டும் ஒண்ணா வந்தா மனுஷி என்ன பண்ணுவா? அதான் அந்தப் பக்கம் பிடிங்கன்னு சொல்லிட்டேன்."